மணியக்காரர் வீட்டம்மா இறங்கவில்லை

அந்தப் பட்டாளத்துக்காரர் ஒரு காலை வண்டிக்கு வெளியே வைத்தார். பெரிய பூட்ஸ் கால். ஆணி அடித்த அதன் அடிப்பாகம் இரும்புப் படியில் பட்டு ‘டங்’கென்றது. என் குதிரை, கிளி என்று பெயர், காதுகளைப் பின்னால் திருப்பிற்று.

பிறகு அந்தக் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். மடியிலிருந்த தகரப் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து நேராக உட்கார்ந்தார்.

ஆவடி ஸ்டேஷன் வாசல். உச்சி சாய்ந்த வெயில். கீழே செருப்புக் காலால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றவர் ஓர் ஊரின் மணியக்காரர். வண்டிக்குள் அவருடைய மனைவி. லகானைப் பிடித்துக்கொண்டு நான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பூந்தமல்லி ரோட்டில் புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அது மட்டும் நினைவிருக்கிறது. காற்றெல்லாம் புளிப்பு வாசனை.

பெண்பிள்ளையா ஓட்டினாள்?

நான் ஜட்கா ஓட்டிய கதையை இந்தப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியதும் வேலூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ‘அந்தக் காலத்தில் பெண்பிள்ளை வாடகை வண்டி ஓட்டினாள் என்பதை நம்ப முடியவில்லை. உங்கள் கணவர் ஓட்டியதைத்தான் நீங்கள் ஓட்டியதாக எழுதுகிறீர்களோ?’ என்று கேட்டிருந்தார்.

ஐயா, லகான் வார் அறுத்த காய்ப்பு என் இடது உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. நசரத்பேட்டைக்கு வந்தால் பார்த்துவிட்டுப் போகலாம்.

என் கணவர் சவரிமுத்துதான் முதலில் ஓட்டினார். ஒரு மழைக்காலத்தில் வண்டி சரிந்து, அவருடைய தொடை எலும்பு முறிந்தது. மாவுக் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். வண்டிக்கு ஒரு சக்கரம்தான் போயிற்று. கிளிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கிளி கொட்டிலில் நின்றது. நின்றால் குதிரைக்குக் கால் வீங்கும். கொள்ளு வேக வைத்துப் போட்டதும், உடம்பு தேய்த்து விட்டதும் அதுவரை நான்தான். அவர் கூப்பிட்டால் நிற்காத குதிரை, நான் நாக்கைத் தட்டினால் நிற்கும். ஒரு திங்கட்கிழமை காலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பூட்டினேன். சவரிமுத்து கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எறக்கத்துல லகானை இறுக்காதே” என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த உத்தரவு.

ஆவடி ஸ்டாண்டில் எல்லாரும் ஆண்கள். அவர்களுக்குப் பெரியவர் கபூர் பாய். வெள்ளைத் தாடியும் வெற்றிலை வாயுமாக என் வண்டியின் முன்னால் வந்து நின்றார்.

“இன்னா அந்தோணிம்மா, வண்டிய ஓட்டிகினு வந்துட்டே? இது ஆம்பளைங்க ஸ்டாண்டு. பொம்பளைங்க இங்க நிக்கப்படாது.”

“என் குதிரையும் பொம்பளைதான் பாய். அது இத்தினி வருசமா இங்கதானே நிக்குது?”

பாய் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் வரிசையின் கடைசியில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

ஏறியவர்கள்

முதலில் ஏறியவர்கள் வேறு வண்டி கிடைக்காதவர்கள்தான். போகப் போகப் பெண்கள் என் வண்டியைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஏறி, வழியில் அவரவர் இடத்தில் இறங்குவார்கள்.

பட்டணத்தில் குண்டு விழும் என்று ஊரே காலியானபோது, மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மாள் அம்மிக்கல்லோடு வந்து இறங்கினார். துணிமூட்டை ஒன்று, அம்மிக்கல் ஒன்று. வேறு சாமான் கிடையாது. “நகையெல்லாம் அங்கேயே இருக்கட்டும். இந்த மாதிரிக் கல் இனிமேல் கிடைக்காது” என்றார். கிளி அன்றைக்குப் பட்ட பாடு!

கல்யாண பேண்டில் பெரிய குழல் ஊதுகிறவர் ஒருவர், குதிரை மெதுவாகப் போகிறது என்று பருத்திப்பட்டில் ஒரே ஓர் ஊது ஊதினார். கரையான்சாவடி வரை கிளி நிற்கவில்லை.

கன்னியாஸ்திரீ ஒருவர் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை கண்ணை மூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கியதும், “நன்றாக ஓட்டுகிறாய் மகளே. குதிரையோடு பேசுகிற பேச்சுத்தான் நன்றாக இல்லை” என்றார்.

இப்படி எத்தனையோ பேர். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சேரிக்காரர்கள் ஏறினால், மற்ற வண்டிக்காரர்களைப்போல நானும் அவர்களைப் பின்பலகையின் ஓரத்தில்தான் உட்கார வைத்தேன். உள்ளே வேறு யாராவது ஏற வந்தால், “கொஞ்சம் எறங்கி நடந்து வாங்க” என்று சொன்னதும் உண்டு. அவர்களும் இறங்கி நடந்தார்கள். அதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

“எறங்கச் சொல்லு அவனை”

அன்றைக்கு ஸ்டாண்டில் என் வண்டி ஒன்றுதான் இருந்தது. மற்ற வண்டிகளெல்லாம் பட்டாளத்து முகாமுக்குச் சாமான் ஏற்றப் போயிருந்தன. ரயில் வந்தது. முதலில் ஏறியவர் காக்கி உடுப்பில் இருந்த அந்தப் பட்டாளத்துக்காரர். பூந்தமல்லி வரை போக வேண்டும் என்றார். தாமாகவே முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். உடுப்பைப் பார்த்ததும் எந்தச் சேரி, எந்தத் தெரு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பின்னாலேயே மணியக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். குத்தம்பாக்கத்துப் பக்கத்தில் ஓர் ஊர். இரண்டு பேர் முகமும் இருண்டிருந்தது. அந்த அம்மாவைக் கைபிடித்து ஏற்றினேன்.

மணியக்காரர் படியில் கால் வைக்கப் போனவர், உள்ளே பார்த்துவிட்டு நின்றார்.

“டேய், நீ கன்னிம்மா மவன் ஏகாம்பரம் இல்ல?”

“ஆமாங்க.”

“எங்க மாட்டுக் கொட்டாயில சாணி வார்றவ மவன் வண்டில குந்திக்கினு வரான், நான் அவன் பக்கத்துல குந்தணுமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “எறங்கச் சொல்லு அவனை.”

அப்போதுதான் ஏகாம்பரம் அந்த ஒரு காலை வெளியே வைத்ததும், உள்ளே இழுத்துக்கொண்டதும்.

வழக்கம்போல ‘கொஞ்சம் எறங்கி நடங்க’ என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அதற்குள் மணியக்காரர் இன்னொரு வார்த்தை சொன்னார்.

“பொம்பள ஓட்ற வண்டின்னா இந்த லட்சணம்தான். யாரை ஏத்தணும் யாரை ஏத்தக்கூடாதுன்னு தெரியாத கழுதை.”

நியாயத்துக்காகத்தான் வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. என்னைக் கழுதை என்றாரே, அதற்காகத்தான் திறந்தேன்.

“ஐயா, அவரு மொதல்ல ஏறினாரு. அவரை எறக்க மாட்டேன். நீங்க ஏறினா ஏறுங்க. இல்லாட்டி உங்க இஷ்டம்.”

சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. அவர் நினைத்தால் என் லைசென்ஸுக்கே உலை வைக்கலாம். வீட்டில் கால் கட்டோடு ஒரு மனிதர் படுத்திருக்கிறார்.

மணியக்காரர் மனைவியைப் பார்த்தார். “நீ எறங்கு. நடந்து போலாம்.”

அந்த அம்மா அசையவில்லை. ஏகாம்பரத்தின் தோளில் இருந்த பித்தளைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ எந்தச் சீமையிலேருந்து வரே?” என்று அவரிடம் கேட்டார்.

“அசாம் பக்கத்துலேருந்தும்மா. பர்மாவுக்கு ரோடு போட்றோம்.”

“பர்மாவா?” அந்த அம்மாவின் குரலே மாறிப்போயிற்று. புருஷன் பக்கம் திரும்பிச் சொன்னார்: “நீங்க நடந்து வாங்க. நான் எறங்க மாட்டேன்.”

ஓட்டு என்பதுபோல் என் முதுகைத் தொட்டார். நான் லகானைத் தளர்த்தினேன்.

கப்பல் லிஸ்ட்டு

மணியக்காரரும் மனைவியும் பட்டணத்துக்குப் போய் வந்த காரியம் வண்டி நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரே மகன் தணிகாசலம். தகப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ரங்கூனுக்குப் போய்க் குமாஸ்தாவாக இருந்தவன். போகும்போது, “இனிமே இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்காதே” என்று தகப்பன் சொல்லி அனுப்பியிருந்தார். ரங்கூன் விழுந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு தகவலும் இல்லை. பர்மாவிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் பெயர்களைப் பட்டணத்தில் ஓர் ஆபீசில் ஒட்டியிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

“நாலு தாளு ஒட்டிக் கீது. நாலையும் படிச்சுச் சொல்ல வெச்சோம். எம் புள்ள பேரு இல்ல” என்றார் அந்த அம்மா. “வர்ற வழியெல்லாம் அவரு ஒரு வார்த்தை பேசல.”

ஏகாம்பரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அது கப்பல்ல வந்தவங்க லிஸ்ட்டாம்மா?”

“கப்பலுதான்னு சொன்னாங்க.”

“அப்போ அதுல எப்படி இருக்கும்? ஆயிரக்கணக்குல காட்டு வழியா நடந்தே வந்தாங்க. நான் என் கண்ணால பாத்தேன். நம்ம தமிழாளுங்களே எத்தினி பேரு! சொரத்துல விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்தவங்க கீறாங்க, தோட்டத்துல வேலைக்குச் சேந்தவங்க கீறாங்க. அவங்க பேரெல்லாம் இந்த லிஸ்ட்டுல வராது.”

அந்த அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“லீவு முடிஞ்சா நான் அங்கதான் போறேன். அடையாளம் எழுதிக் குடுங்க. விசாரிக்கிறேன்” என்றார் ஏகாம்பரம். “எனக்கு எழுத வராது. பட்டாளத்துல கையெழுத்து மட்டும்தான் கத்துக் குடுத்தாங்க.”

“எனக்கு வரும்” என்றேன் நான். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள்.

பருத்திப்பட்டு மணலில்

பருத்திப்பட்டு தாண்டிக் கூவம் ஆற்று மணலில் வண்டியை நிறுத்திக் கிளிக்குத் தண்ணீர் காட்டினேன். அந்தக் காலத்துக் கூவம். குதிரை குடித்த தண்ணீரில் நாங்களும் முகம் கழுவினோம். ஏகாம்பரம் பெட்டியிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்துத் தந்தார். பெட்டி மூடிதான் மேஜை.

‘பெயர் தணிகாசலம். வயது இருபத்து நாலு. மாநிறம். ஒல்லி’ என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்.

“புருவத்துல ஒரு தழும்பு. சின்ன வயசுல மாடு முட்டினது.”

எழுதப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“புருவத்துல இல்ல. கன்னத்துல. எடது கன்னத்துல.”

மணியக்காரர். முழங்கால் வரை புழுதி. மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பத்தடி தள்ளி ஒரு பனைமரத்து நிழலில் நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று எங்களுக்குத் தெரியாது.

“அது முட்டினப்போ தூக்கிக்கினு ஓடினது நான்” என்றார். “எடது கன்னம். காதுக்குக் கிட்ட.”

புருவம் என்பதை அடித்துவிட்டு இடது கன்னம் என்று எழுதினேன். கிளி இன்னும் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பிறகு மகனுக்கும் மூன்று வரி எழுதச் சொன்னார் அந்த அம்மா. ‘நான் சௌக்கியம். நீ உயிரோடு இருந்தால் ஒரு கார்டு போடு. உன் முகம் பார்க்க வேண்டும்.’ முடித்த பிறகு, யாரும் சொல்லாமலே நானாக ஒரு வரி சேர்த்தேன்: ‘உன் அப்பா பக்கத்தில் நின்று, உன் அடையாளத்தைத் திருத்திச் சொன்னார்.’

எழுதியதைப் படித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் மணியக்காரர் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

“ஏறுங்க ஐயா, இன்னும் ரொம்ப தூரம் கீது” என்றேன்.

ஏறவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு முன்னால் நடந்து போனார். நாங்கள் அவரைத் தாண்டிப் போனபோது ஒதுங்கி நின்று வழி விட்டார்.

பாயின் சாமர்த்தியம்

இரண்டு நாள் கழித்து மணியக்காரர் ஆள் அனுப்பினார். அந்தப் பொம்பளையை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கபூர் பாயிடம் சொல்லச் சொல்லியிருந்தார். மனம் இளகியதும் அவர்தான். வீம்பு போகாததும் அவர்தான்.

பாய் என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

“இன்னா சொல்லி அனுப்பிச்சேன் தெரியுமா?” என்றார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. “சர்க்காரு உடுப்பு போட்டுகினு கீறவனை வண்டியிலேருந்து எறக்கினா, முகாம்லேருந்து துரைங்க வந்து ஸ்டாண்டையே தூக்கிடுவாங்கோ. அதுக்கு மணியக்காரரு ஜவாப்புதாரியா இருக்கேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்தா, அந்தோணிம்மாவ நாளைக்கே எடுத்துடறேன். இதான் சொன்னேன்.”

“அப்படி ஒரு சட்டம் கீதா பாய்?”

“எனக்கு இன்னா தெரியும்? அவருக்கும் தெரியாதே!”

அன்றைக்குத்தான் பாய் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன். மறுநாள் வரிசையில் என் வண்டியைத் தமக்குப் பின்னால் இரண்டாவதாக நிறுத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு என் வண்டியில் யாரையும் ஓரத்தில் உட்காரச் சொன்னதில்லை. யாரையும் இறங்கி நடக்கச் சொன்னதும் இல்லை. சிலர் என் வண்டியைத் தவிர்த்தார்கள். தவிர்க்கட்டும் என்று விட்டேன். காலி வண்டியோடு திரும்பிய நாட்கள் உண்டு. அந்த நாட்களிலும் சவரிமுத்து ஒரு நாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை.

கிளைப்பாதை

தணிகாசலத்தின் கார்டு வர நான்கு மாதம் ஆயிற்று. ஏகாம்பரம் முகாம் முகாமாகத் தாளைக் காட்டியிருக்கிறார். ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஆள்தான், இடது கன்னத்தில் தழும்புள்ள ஒருவர் சுரத்திலிருந்து பிழைத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதப் போய்விட்டார் என்று வழி சொன்னானாம். அங்கே போய்த் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்ப முகமில்லாமல் கிடந்த தணிகாசலம், நான் சேர்த்த அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தானாம்.

அவன் வந்து இறங்கிய நாளில் என் வண்டியில் இரண்டு பெண்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ஒருவர் மணியக்காரர் வீட்டம்மா. இன்னொருவர் ஏகாம்பரத்தின் தாய் கன்னியம்மா. “உம் மவன்தானே தேடிக் குடுத்தான். நீயும் வா” என்று அந்த அம்மாதான் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். மணியக்காரர் தம்முடைய வில்வண்டியில் தனியாக வந்தார்.

தணிகாசலம் எலும்பும் தோலுமாக இறங்கினான். தகப்பன் காலைத் தொட்டான். மணியக்காரர் அவன் கன்னத்தை, அந்தத் தழும்பு இருந்த இடத்தை, ஒரு விரலால் தொட்டார். “பெட்டிய வில்வண்டில வை” என்றார்.

பெட்டி வில்வண்டியில் போயிற்று. அவன் தாயோடு என் வண்டியில் ஏறினான். வழியெல்லாம் கன்னியம்மாவிடம் ஏகாம்பரத்தைப் பற்றியே பேசினான். என்ன சாப்பிடுகிறான், எப்படி லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான், யுத்தம் முடிந்ததும் வந்துவிடுவான் என்றெல்லாம் சொன்னான். (வந்தார். கை கால் முழுசாக வந்தார். ஆவடியிலேயே வேலையும் கிடைத்தது.)

ஊர் எல்லையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. நேரே போனால் ஊர். இடது பக்கம் சேரி. வில்வண்டி முன்னால் வந்து அங்கே நின்றிருந்தது. நான் லகானை இழுத்தேன். கன்னியம்மா வழக்கப்படி இறங்கப் பின்பக்கம் நகர்ந்தார்.

மணியக்காரர் வீட்டம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ இன்னாத்துக்கு எறங்குறே? அந்தோணிம்மா, வண்டிய எடதுல திருப்பு. மொதல்ல இவ ஊட்டுல உட்டுட்டு, அப்புறம் எங்க ஊட்டுக்குப் போலாம்.”

நான் மணியக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தடுக்கவும் இல்லை. வண்டி மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு, அங்கேயே நின்றார். நாங்கள் திரும்பி வரும்வரை அந்த வில்வண்டி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இடது பக்கம் திருப்பினேன். ஊர்த் தெருக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு குதிரை வண்டி அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை. தெரு குறுகல். கோழிகள் சிதறின. குடிசைகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்து நின்றார்கள். கிளியின் லாடச் சத்தம் மட்டும் கேட்டது. என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

கன்னியம்மா தம் வாசலில் இறங்கினார். பக்கத்துக் குடிசைக்காரி ஒருத்தி ஓடி வந்து, காதோடு காதாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு உரக்கவே கேட்டாள்:

“யாரு வண்டி இது அக்கா? மணியக்காரரு வண்டியா?”

கன்னியம்மா சேலைத் தலைப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மணியக்காரரு வண்டி இங்க வருமா? இது நம்ம அந்தோணிம்மா வண்டி.”